குணலட்சுமி விசாரித்த கலம்பாக்கா வீடு

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைச் செய்து வை என்ற பழமொழியை என் மனைவி குணலட்சுமிக்கு முன்னால் சொல்லிவிட்டுத் தப்பியவர் எங்கள் இணுவிலில் இல்லை. ஒருமுறை கோயில் அன்னதானத்தில் ஒரு பெரியவர் பந்தியில் இருந்தபடியே அதை எடுத்துவிட்டார். இவள் குழம்பு வாளியோடு அவருடைய இலைக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"ஆயிரம் பொய்யையும் நீங்கள் சொல்லிப்போட்டு வீட்டை போயிடுவியள். பேந்து அந்தப் பொய்யளோடை குடும்பம் நடத்திறது ஆர்?"

பெரியவர் அன்றைக்குக் குழம்புக்குக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது.

என் பெயர் தியாகராசா. வெங்காயமும் புகையிலையும் செய்கிற தோட்டக்காரன். என்னைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. அவளைப் பற்றி எழுத இருக்கிறது. அவளுக்குத் தெரிந்தால், "உங்களுக்கு வேறை வேலை இல்லையோ?" என்றுதான் கேட்பாள். வேலை இருக்கிறது. அது நாளைக்கும் இருக்கும்.

எங்கள் பகுதியில் ஒரு சம்பந்தம் பேச்சில் வந்தால் முதலில் சாதகம் பார்ப்பார்கள். அது பொருந்தினால் குணலட்சுமியிடம் வருவார்கள். அவள் தரகர் இல்லை. யாரையும் யாரோடும் சேர்த்துவைக்கிற ஆசையும் அவளுக்குக் கிடையாது. மாப்பிள்ளை வீடு எப்படிப்பட்ட வீடு என்று விசாரித்துச் சொல்வாள், அவ்வளவுதான். சாதி விசாரிக்கச் சொல்லி வருகிறவர்களுக்கு ஒரு தேத்தண்ணியைக் கொடுத்து, "அதுக்கு வேறை ஆக்கள் இருக்கினம், அவையளிட்டைப் போங்கோ" என்று படலை வரை வந்து வழியனுப்பிவிடுவாள்.

அவள் விசாரிக்கிற விதமே தனி. பஸ்ஸேறி அந்த ஊருக்குப் போவாள். அந்த வீட்டுக்குப் போகமாட்டாள். பக்கத்து வீட்டுப் படலையில் நின்று, "ஒருக்கால் தண்ணி தாங்கோ" என்று கேட்பாள். யாழ்ப்பாணத்தில் தண்ணீர் கேட்டு வந்த பெண்ணைப் படலையோடு யாரும் அனுப்புவதில்லை. உள்ளே கூப்பிட்டுக் கதிரை போடுவார்கள். செம்பு காலியாவதற்குள் பாதிச் சங்கதி வந்துவிடும். மீதியை அவள் வேலிக்கு மேலால் பார்த்துக்கொள்வாள்.

"வீட்டின்ரை முகப்பு ஊருக்குக் காட்ட. கோடிதான் வீடு" என்பாள். கோடி என்றால் வீட்டின் பின்பக்கம். கிணற்றடி, துணி காயும் கொடி, பாத்திரம் கழுவுகிற இடம். பருத்தித்துறையில் ஒரு மாப்பிள்ளையை விசாரித்துவிட்டு வந்து இப்படித்தான் சொன்னாள்: "பெடியன் தங்கம். ஆனால் தாயோடை ஒரே வீட்டிலை இருக்கேலாது. வேறை வீடு பாத்தால் குடுக்கலாம்." எப்படித் தெரியும் என்று கேட்டேன். அந்த வீட்டு மகள் கழுவிக் கவிழ்த்த கோப்பைகளைத் தாய் மறுபடியும் எடுத்து ஒவ்வொன்றாகக் கழுவினாளாம். பெண் வீட்டார் வேறு வீடு பார்த்தார்கள். இன்றைக்கும் அந்த இரண்டு வீட்டுக்கும் நல்ல உறவு.

அவளுக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. முடிவு தெரியாத வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது ஒன்று. பச்சைத் தண்ணீருக்கு மேலே ஒன்றும் அந்த வீட்டில் வாயில் வைக்கமாட்டாள். நம்முடைய குறையைச் சொல்லாமல் அடுத்தவருடைய குறையைக் கேட்கக் கூடாது என்பது மற்றது. இந்த இரண்டாவது சட்டத்தை அவள் முதன்முதலாகப் பாவித்தது என்னிடம்தான்.

எங்களுக்குப் பெண் பார்த்தது கந்தசுவாமி கோயில் வெளிவீதியில். பெரியவர்கள் கொஞ்சம் விலகி நின்றார்கள். நான் என்ன கதைப்பது என்று தெரியாமல் சாமி வலம் வருகிற மஞ்சத் தேரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் நேரே என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "எனக்கொரு தம்பி இருக்கிறான். சின்னனிலை வந்த காய்ச்சலோடை மூளை வளரேல்லை. எங்கடை வீட்டிலை உங்களுக்கு மறைச்சுப்போட்டினம். நான் எங்கை போனாலும் அவனும் வருவான். அதைக் கேட்டுப்போட்டு ஓம் எண்டு சொல்லுங்கோ, இல்லை எண்டு சொல்லுங்கோ." நான் ஓம் என்றேன். தம்பிக்காக இல்லை, உண்மையைச் சொன்னால். அப்படிக் கதைக்கிற ஒரு பெண்ணை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை.

அந்தத் தம்பி கேதீஸ்வரன் இப்போது தலை நரைத்து எங்களோடுதான் இருக்கிறான். போரில் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது இவள் ஒரு கையில் கைக்குழந்தை தர்சிகாவையும் மற்றக் கையில் அவனையும் பிடித்துக்கொண்டு வந்தாள். அவனுக்கு நாலைந்து வசனம்தான் பேச்சு. பட்டனைக் கண்டால் பிடுங்கி வாயில் போட்டுவிடுவான். அதனால் அவனுடைய சட்டைகளில் பட்டன் கிடையாது. இவள் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டு நாடா வைத்துத் தைத்திருக்கிறாள். காற்சட்டைக்கு இலாஸ்டிக். கழுத்துப்பட்டியை அவன் சப்பிச் சப்பிக் கிழிக்கக் கிழிக்க, புதுத் துணி வைத்துக் கரை கட்டுவாள்.

தர்சிகா வளர்ந்து ஜேர்மனிக்குப் போனாள். கேதீஸைப் போன்றவர்களைப் பராமரிக்கிற ஒரு விடுதியில் வேலை. அங்கே சமையலறையில் வேலை செய்கிற தனாசிஸ் என்ற கிரேக்கப் பெடியனைக் கட்டப்போவதாக ஒருநாள் வாட்ஸ்அப்பில் சொன்னாள். நான் இரண்டு நாள் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் எனக்கே அலுத்துவிட்டது. குணலட்சுமி கோபிக்கவில்லை. "பெடியன்ரை ஊர் எது?" என்று மட்டும் கேட்டாள்.

ஊர் கலம்பாக்கா. கிரேக்க நாட்டின் நடுவே, மலை உச்சிகளில் மடங்கள் இருக்கிற இடத்துக்குக் கீழே இருக்கிற பழைய ஊர். தகப்பன் இல்லை. தாய் வசிலிகி ஒரு பேக்கரியில் வேலை செய்கிறாள். தனாசிஸ் ஒரே பிள்ளை.

"நான் போய் விசாரிக்க வேணும்" என்றாள் குணலட்சுமி.

"அம்மா, வீடியோவிலை தாயோடை கதைக்கலாம்தானே?"

"வீடியோவிலை முகம் தெரியும், பிள்ளை. கோடி தெரியாது."

தர்சிகா சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. "சரி, வாங்கோ. ஆனால் ஒண்டு சொல்லுறன். கேதீஸ் மாமான்ரை கதையை அங்கை எடுக்காதேங்கோ. பரம்பரை வருத்தம் எண்டு தாய்க்காரி நினைச்சிட்டால் எல்லாம் குழம்பிப்போகும். எனக்காக, அம்மா."

"பாப்பம்" என்றாள் குணலட்சுமி. அவளுடைய 'பாப்பம்' ஓமும் இல்லை, இல்லையும் இல்லை என்று மகள் நினைத்திருப்பாள். எனக்கு அது எந்தப் பக்கம் சாயும் என்று தெரியும்.

விசா எடுத்து, கேதீஸை என் தங்கை மீனாம்பிகையின் பொறுப்பில் விட்டுவிட்டுப் புறப்பட்டோம். அவனை விட்டுவிட்டு அவள் ஓர் இரவுகூட வெளியில் தங்கியதில்லை. அவன் அவளுடைய பெட்டியின் கைபிடியை விடவே இல்லை. வான் வெளிக்கிட்ட பிறகு அவள் தென்மராட்சி தாண்டும் மட்டும் அழுதாள்.

தர்சிகாவும் தனாசிஸும் தெசலோனிக்கி விமான நிலையத்துக்குக் காரோடு வந்திருந்தார்கள். பெடியன் உயரம், கொஞ்சம் கூச்சம். என் பெட்டியையும் அவளுடைய பெட்டியையும் கேளாமலே தூக்கிக்கொண்டான். நான் மனதுக்குள் அவனுக்குப் பாதிப் புள்ளி போட்டேன்.

யாழ்ப்பாணத்தில் பனையையும் கோபுரத்தையும் விட்டால் உயரமென்று ஒன்றுமில்லை. தரை முழுக்கப் பாய் விரித்தது போலத் தட்டை. அப்படிப்பட்ட கண்களோடு வந்த நான் கலம்பாக்காவில் காரை விட்டு இறங்கியபோது கழுத்து நிமிர்ந்தபடி நின்றுவிட்டது. ஊரின் ஓட்டுக் கூரைகளுக்கு நேர் பின்னால் சாம்பல் நிறக் கற்பாறைகள் தனித்தனியாக எழும்பி நிற்கின்றன. கடவுள் பிட்டு அவித்துக் குழலைக் கவிழ்த்துத் தள்ளிவிட்டுப் போனது போல இருந்தது. சில பாறைகளின் தலையில் செம்மண் நிற ஓட்டோடு ஒவ்வொரு மடம். அந்தக் காலத்தில் துறவிகளை வலைக்குள் இருத்திக் கயிற்றால் மேலே இழுப்பார்களாம். நாங்கள் கிணற்றுக்குள் வாளியை விட்டுத் தண்ணீர் அள்ளுகிறோம். இவர்கள் வானத்திலிருந்து வாளியை விட்டு ஆளை அள்ளியிருக்கிறார்கள்!

"வடிவு" என்றாள் குணலட்சுமி. கொஞ்சம் பொறுத்து, "உதிலை ஏறி இருந்து கும்பிட நினைச்சவைக்கு எவ்வளவு மனம் இருந்திருக்கும்" என்றாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது. எனக்கும் அப்படித்தான். சொல்வதற்கு வெட்கமில்லை.

வசிலிகி எங்களைத் தன் வீட்டில் தங்கச் சொன்னாள். குணலட்சுமி தன் சட்டப்படி மறுத்து, இரண்டு தெரு தள்ளி ஓர் அறை எடுக்கவைத்தாள். முதல் நாள் மாலை அவர்களுடைய வீட்டுக்குப் போனோம். வசிலிகி பருத்த உடம்பு, கறுப்புச் சட்டை, பெரிய கைகள். மேசை நிறையச் சாப்பாடு வைத்திருந்தாள். குணலட்சுமி தண்ணீரை மட்டும் எடுத்தாள். வயிறு சரியில்லையோ என்று அவர்கள் கேட்க, அவள் பொய் சொல்லமாட்டாளே, "இல்லை, வயிறு நல்லாய்த்தான் இருக்கு. பேசி முடியட்டும், பிறகு சாப்பிடுறன்" என்றாள். அதைத் தர்சிகா ஜேர்மன் மொழியில் தனாசிஸுக்குச் சொன்னாள். அவன் கிரேக்கத்தில் தாய்க்குச் சொன்னான். வசிலிகியின் முகம் சுருங்கிவிட்டது. பேக்கரிக்காரி ஒருத்தியின் பாணைத் தொடாமல் விட்டால் சுருங்காதா? நான் இரண்டு பேருடைய பங்கையும் சாப்பிட்டேன். எனக்குச் சட்டம் கிடையாது.

அறைக்கு வந்ததும் மீனாம்பிகையின் போனில் கேதீஸ் வந்தான். அவனுடைய கேள்வி ஒன்றுதான். "அக்கா, எங்கை நிக்கிறாய்?"

"வேறை ஊரிலை நிக்கிறன், ராசா. வாறன்."

அடுத்த நாள் காலை அவள் தன் வேலையைத் தொடங்கினாள். வசிலிகியின் வீட்டுக்குப் பின்பக்கத் தெருவுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒரு வயதான பெண் பூச்சாடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். குணலட்சுமி கையைக் குவித்து வாயருகே காட்டினாள். மொழி எதற்கு? அந்தப் பெண் உள்ளே போய்த் தண்ணீரோடு ஒரு சின்னத் தட்டும் கொண்டுவந்தாள். தட்டில் பாகில் ஊறிய பழமும் ஒரு கரண்டியும். வந்தவருக்குத் தண்ணீரோடு இனிப்பும் கொடுப்பது அந்த ஊர் வழக்கமாம்.

"தண்ணி கேட்டால் இனிப்போடை தருகினம். நல்ல சனம்" என்று குணலட்சுமி என்னிடம் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணிடம் வசிலிகியின் வீட்டைக் கண்ணால் காட்டினாள். அவள் உடனே நெஞ்சில் கையை வைத்து, பிறகு வானத்தைக் காட்டினாள். எந்த ஊரிலும் அதற்கு ஒரே கருத்துத்தான்: தங்கமான மனுசி, கடவுளுக்குத் தெரியும்.

அந்த முற்றத்திலிருந்து வசிலிகியின் கோடி நன்றாகத் தெரிந்தது. கொடி நிறையத் துணி. வெயிலில் வெள்ளை வெளேரென்று ஆடிக்கொண்டிருந்தன. நான் கண்டது துணி. குணலட்சுமி கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனவள் பாதியில் நிறுத்திவிட்டாள். திரும்பி வரும்போது வழியில் என் கையைப் பிடித்தாள். தெருவில் அவள் என் கையைப் பிடிப்பதில்லை.

"இஞ்சேருங்கோ, அந்த வீட்டிலை இன்னொரு ஆள் இருக்கு."

"ஆர்?"

"ஆம்பிளை. கொடியிலை கிடந்த சேட்டுகளைப் பாக்கேல்லையோ? ஒண்டிலையும் பட்டன் இல்லை. எல்லாத்துக்கும் நாடா. கழுத்துப்பட்டி சப்பின இடத்திலை புதுத் துணி வைச்சுக் கரை கட்டியிருக்கு. எங்கடை கேதீஸின்ரை சேட்டுகளைக் கொண்டுவந்து காயப்போட்ட மாதிரிக் கிடக்கு."

ஒரே பிள்ளை என்றார்களே! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. அதைவிடச் சந்தோஷமும் வந்தது, உண்மையைச் சொன்னால். பிடி எங்கள் கையில் இப்போது.

"அப்ப நேரை போய்க் கேளும். ஏன் மறைச்சனியள் எண்டு கேளும்."

"நான் கேக்கமாட்டன்."

"ஏன்?"

"நாங்களும் மறைச்சுக்கொண்டுதானே வந்து நிக்கிறம்?"

அவள் மேலே பாறைகளைப் பார்த்தபடி நடந்தாள். "சொன்னால் பிள்ளை என்னை மன்னிக்காள். சொல்லாட்டில் நான் என்னை மன்னிக்கமாட்டன்" என்றாள். எவ்வளவோ வீடுகளின் கல்யாணத்தை ஒரு வாக்கால் நிறுத்தியும் நடத்தியும் வைத்தவள், தன் வீட்டுக் கல்யாணத்துக்கு முன்னால் தயங்கித் தயங்கி நடந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அன்றைக்கே மத்தியானம் வசிலிகி எங்களை மேலே ஒரு மடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். புனித ஸ்தேபானின் பெயரில் இருக்கிற கன்னியர் மடம். மற்ற மடங்களுக்குப் படிகள் ஏற வேண்டும். இதற்கு ஒரு சின்னப் பாலத்தால் நடந்து போய்விடலாம். வசிலிகிக்கு முழங்கால் வருத்தம்.

வாசலில் நான் ஒரு காரியம் செய்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் தர்சிகா தன் பங்குக்கு ஊருக்கெல்லாம் சொல்லுவாள், ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். கோயில் வாசலைக் கண்டதும் கை தன்பாட்டில் வேலை செய்துவிட்டது. செருப்பைக் கழற்றினேன். மேல் சட்டையையும் கழற்றி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, வெறும் மேலோடு கும்பிட்டபடி படியில் கால் வைத்தேன். எங்கள் ஊரில் அப்படிப் போகாவிட்டால்தான் பிழை. உள்ளே இருந்த கன்னியாஸ்திரி 'ஐயோ' என்பதற்குக் கிரேக்கத்தில் என்ன உண்டோ அதைச் சொல்லிக்கொண்டு இரண்டு கையாலும் முகத்தை மூடினார். தனாசிஸ் ஓடிவந்து தன் ஜாக்கெட்டால் என்னைப் போர்த்தான். ஜீன்ஸ் போட்டு வந்த தர்சிகாவுக்கும் அவர்கள் ஒரு துண்டுத் துணியைப் பாவாடை மாதிரிச் சுற்றிவிட்டார்கள். சேலைத் தலைப்பால் போர்த்திக்கொண்டு போன குணலட்சுமியை மட்டும் அந்தக் கன்னியாஸ்திரி பார்த்துச் சிரித்துத் தலையசைத்து உள்ளே விட்டார்.

"எல்லாரையும் விசாரிக்கிற வீட்டிலை, வாசல்லையே சேட்டைக் கழட்டிற ஆளை முதலிலை விசாரிச்சிருக்க வேணும்" என்று குணலட்சுமி சொன்னதும், விளங்காமலே வசிலிகியும் சிரித்தாள். இரண்டு பெண்களும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான் முதல் தடவை. என் மானம் போனாலும் ஒரு நன்மைக்குத்தான் போனது.

உள்ளே மங்கலான வெளிச்சத்தில் சுவரெல்லாம் பொன்னும் சிவப்புமாகச் சித்திரங்கள். சாம்பிராணி வாசம் எங்கள் கோயில் வாசம்தான். மெல்லிய மெழுகுதிரிகளை மணலில் நட்டு ஏற்றுகிறார்கள். மேல்தட்டு உயிரோடு இருப்பவர்களுக்கு, கீழ்த்தட்டு காலமானவர்களுக்கு என்று தனாசிஸ் மகளிடம் சொல்ல, அவள் எங்களுக்குச் சொன்னாள். வசிலிகி கீழே ஒன்று வைத்தாள். அது புருஷனுக்கு. மேலே ஒன்று வைத்தாள். அது தனாசிஸுக்கு. பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அவசரமாக மேலே இன்னொன்றையும் வைத்தாள்.

குணலட்சுமி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தானும் ஒரு திரியை எடுத்து, அந்தத் திரிக்குப் பக்கத்தில் நட்டு ஏற்றினாள்.

வெளியே மடத்தின் முற்றத்தில் ஒரு மதில். அதற்குக் கீழே வெறும் ஆகாயம். ஆகாயத்துக்குக் கீழே ஊர், வயல்கள், ஓர் ஆறு, தூரத்தில் பனித் தொப்பி போட்ட மலைகள். அந்த மதிலருகே இருந்த வாங்குப் பலகையில் குணலட்சுமி வசிலிகியைத் தன் பக்கத்தில் இருத்தினாள்.

"தர்சிகா, நான் சொல்லுறதை மாத்தாமல் சொல்லு. எனக்கொரு தம்பி இருக்கிறான்."

"அம்மா, வேண்டாம்." தர்சிகாவின் முகம் வெளிறிவிட்டது. "நீங்கள் எனக்குச் சொன்னனீங்கள்..."

"நான் பாப்பம் எண்டுதான் சொன்னனான். பாத்துப்போட்டன். பிள்ளை, உன்ரை கல்யாணத்தைக் குழப்ப நான் வரேல்லை. ஆனால் கேதீஸை இல்லை எண்டு சொல்லிப்போட்டு, உன்ரை கழுத்திலை தாலி ஏறுறதைப் பாக்க என்னாலை ஏலாது. உன்னை ஒரு கையிலை தூக்கிக்கொண்டு நடக்கேக்கை, மற்றக் கையிலை அவனைப் பிடிச்சுக்கொண்டுதான் வந்தனான்."

தர்சிகா மதில் பக்கம் திரும்பிக்கொண்டாள். தனாசிஸ் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். குணலட்சுமி காத்திருந்தாள். ஒருவரும் சொல்லப்போவதில்லை என்று தெரிந்ததும் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். கேதீஸ் எங்கள் முற்றத்தில் வெங்காயக் குவியலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து சிரிக்கிற படம். அதை வசிலிகியின் மடியில் வைத்துவிட்டுத் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். என்னுடையவன் என்று.

வசிலிகி படத்தைப் பார்த்தாள். இரண்டு விரலால் பெரிதாக்கினாள். முகத்தைப் பெரிதாக்குவாள் என்று நினைத்தேன். அவள் பெரிதாக்கியது சட்டையை. நாடா முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள். கழுத்துப்பட்டியில் வைத்துத் தைத்த துண்டைத் தொட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஸ்தெலியோஸ்" என்றாள்.

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. குணலட்சுமியின் தோளில் சாய்ந்து விம்மி விம்மி அழுதாள். தோள் சேலை முழுக்க நனைந்தது. குணலட்சுமி அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டே, "எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்" என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகுதான் மற்றக் கதை வெளியே வந்தது. ஸ்தெலியோஸ் தனாசிஸின் அண்ணன். கேதீஸ் மாதிரியே. தர்சிகாவும் தனாசிஸும் விடுதியில் ஒருவரோடொருவர் முதலில் மனம் விட்டுக் கதைத்ததே இந்த இரண்டு பேரையும் பற்றித்தானாம். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் எல்லாம் தெரியும். ஆனால் மற்றவரின் தாய் மாட்டேன் என்று சொல்லிவிடுவாள் என்று பயந்து, ஆளுக்கொரு பக்கமாகத் தங்கள் தங்கள் தாயின் வாயைக் கட்டிவைத்திருக்கிறார்கள். நாங்கள் வரும் நாட்களுக்கு ஸ்தெலியோஸைப் பக்கத்து ஊரில் சித்தி வீட்டில் விட்டிருக்கிறார்கள்.

"ரெண்டு பேருக்கும் படிப்பு இருக்கு, புத்திதான் இல்லை" என்றேன் நான். தர்சிகா அழுதுகொண்டே என் கையில் அடித்தாள்.

வசிலிகி எழும்பி முகத்தைத் துடைத்தாள். குணலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே காருக்கு நடந்தாள். முழங்கால் வருத்தம் எங்கே போனதோ தெரியவில்லை.

சித்தி வீடு கஸ்திராக்கி என்ற கிராமத்தில், பாறைகளின் காலடியிலேயே இருக்கிறது. போகிற வழியில் செங்குத்தான பாறையின் நடுவே ஒரு குகையில் வர்ணத் துணிகள் தொங்கின. ஆண்டுதோறும் ஒரு திருநாளில் இளைஞர்கள் கயிற்றில் ஏறி, ஊராரின் நேர்த்திக்காக அந்தக் கைக்குட்டைகளைக் கட்டுவார்களாம். ஸ்தெலியோஸுக்காகத் தாய் ஒவ்வொரு வருடமும் ஒன்று கொடுத்துவிடுவாள் என்று தனாசிஸ் சொன்னான். குணலட்சுமி காரிலிருந்தபடியே அந்தக் குகையைக் கும்பிட்டாள்.

ஸ்தெலியோஸ் ஒரு மல்பெரி மரத்துக்குக் கீழே மேசையருகில் இருந்தான். பெரிய ஆள், குழந்தையின் சிரிப்பு. தாயைக் கண்டதும் எழும்பினான். எங்களைப் பார்த்தான். பிறகு நேரே என்னிடம் வந்து, என் நெஞ்சில் கையை வைத்து, ஊரில் தைப்பித்துக்கொண்டு வந்த என் புதுச் சேட்டின் பட்டனைப் படக்கென்று பிடுங்கிவிட்டான். அந்தச் சேட்டுக்கு அன்றைக்கு முழுக்கச் சனிதான். வசிலிகி பதறிப்போய் ஓடிவர முந்தி, குணலட்சுமி அவனுடைய வாய்க்கு முன்னால் உள்ளங்கையை நீட்டியிருந்தாள். கேதீஸுக்கு நீட்டுகிற அதே நீட்டு. அவன் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டுப் பட்டனை அந்தக் கையில் வைத்தான்.

வசிலிகி உள்ளே போய்ப் பாணும் பாற்கட்டியும் தக்காளியும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். வைத்த பிறகுதான் நினைவு வந்தது போலிருக்கிறது, குணலட்சுமிக்கு முன்னால் வைத்த தட்டை மெல்ல எடுக்கப் போனாள்.

குணலட்சுமி அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டாள். குழாயடிக்குப் போய்க் கை கழுவிவிட்டு வந்தாள். பாணில் ஒரு துண்டைப் பிய்த்து ஸ்தெலியோஸின் கையில் கொடுத்தாள். இன்னொரு துண்டைப் பிய்த்துத் தன் வாயில் வைத்தாள்.

அந்தச் சட்டத்தின் அர்த்தம் தெரிந்தவர்கள் அந்த மேசையில் நானும் தர்சிகாவும்தான். மகள் இரண்டு கையாலும் கன்னத்தைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா... அப்ப ஓமோ?"

"மறைச்சு வைச்ச பிள்ளையின்ரை உடுப்பை இவ்வளவு வெள்ளையாய்த் தோய்ச்சுப் போட்டிருக்கிறா. கிழிஞ்ச இடமெல்லாம் பொறுமையாய்க் கரை கட்டியிருக்கிறா. இந்த வீட்டுக்குக் குடுக்காமல் வேறை எந்த வீட்டுக்கு உன்னைக் குடுக்கிறது?" என்று சொல்லிவிட்டு அவள் இரண்டாவது துண்டையும் பிய்த்தாள். "பாணும் நல்லாயிருக்கு. அதையும் சொல்லு."

இத்தனை வருடம் அவளோடு குடும்பம் நடத்துகிறேன். அவள் கெட்டிக்காரி என்று தெரியும். அவ்வளவு பெரியவள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தப் பாறைகளை அண்ணாந்து பார்த்த மாதிரி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன பாக்கிறியள், சாப்பிடுங்கோ" என்றாள்.

அப்போது போன் அடித்தது. மீனாம்பிகை. திரையில் கேதீஸின் நரைத்த தலை தெரிந்தது. வழக்கமான கேள்விதான்.

"அக்கா, எங்கை நிக்கிறாய்?"

குணலட்சுமி வாயிலிருந்த பாணை விழுங்கினாள். பக்கத்தில் ஸ்தெலியோஸ் அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்தபடி திரைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கடை ஆக்கள் வீட்டிலை நிக்கிறன், ராசா" என்றாள்.